நான்காம் கேபினில் எரிந்த பெயர்

ஹேமாவுக்கு அம்மை போட்டு அன்று ஆறாம் நாள். ஒன்பதாம் வகுப்புப் பெண். வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்க முடியாமல் கிடந்தாள். அந்த ஆறு நாட்களில் ஐந்து மாலை, மணி ஐந்தைத் தாண்டியதும், பழங்காநத்தத்தில் நான் பொறுப்பாக இருந்த பிரவுசிங் சென்டரின் நான்காம் கேபினில் அவள் பெயர் எரிந்தது.

அந்தக் கால மெசஞ்சரைப் பார்க்காத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். திரையின் ஓரத்தில் நண்பர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஆள் இல்லாத பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிற முகம். எங்கோ ஒரு சிஸ்டத்தில் அந்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் முகம் மஞ்சளாகிச் சிரிக்கும். கூடவே கதவு தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பெயர் எரிகிறது, பெயர் அணைகிறது என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். பெயர் எரிந்தால் ஆள் வந்துவிட்டதாக எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

1. நான் போட்டுக் கொடுத்த சாவி

தொலைபேசித் துறையில் முப்பத்தொரு வருடம் நான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். 2000-க்குப் பிறகு மதுரையில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. என் அக்கா மகனும் ஒன்று திறந்தான். அவனுக்கு வேறு வேலை இருந்ததால் கவுண்டரில் நான் உட்கார்ந்தேன். மாடியில் சென்டர், பதினான்கு படிகள். எட்டு கேபின்கள், ஒவ்வொன்றுக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு பலகைக் கதவு. ஏழு சிஸ்டம் ஓடும், ஒன்று எப்போதும் மக்கர் பண்ணும்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இ-மெயில் ஐ.டி. கிடையாது. நான்தான் போட்டுத் தருவேன். பாஸ்வேர்டு என்ன வைப்பது என்று கேட்டால் விழிப்பார்கள். வைத்துக் கொடுத்தாலும் அடுத்த வாரம் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். இந்தத் தொல்லைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளின் பெயர், அதோடு எங்கள் சென்டர் டெலிபோனின் கடைசி நான்கு எண்கள். எல்லோருக்கும் இதே முறை. யார் மறந்து வந்தாலும் நோட்டைப் புரட்டாமல் சொல்லிவிடலாம். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவரும் மாற்றவில்லை. மறக்காமல் இருக்கிறார்களே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அந்த டெலிபோன் எண் வாசல் போர்டில் இரண்டடி உயர எழுத்தில் எழுதியிருந்தது. நூற்று முப்பத்தேழு பேருக்கு அப்படி ஐ.டி. போட்டேன். நூற்று முப்பத்தேழு வீட்டுக்கும் ஒரே சாவியைச் செய்து அதை வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

2. வெள்ளிக்கிழமை

ஹேமாவும் செல்வியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஹேமா சௌராஷ்டிரக் குடும்பம், அப்பாவுக்குச் சேலை வியாபாரம். செல்வியின் அப்பா மேலூர்ப் பக்கத்துக்காரர், லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். அம்மா பஞ்சவர்ணம் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பார். இரண்டு பிள்ளைகளும் வாரத்துக்கு மூன்று நாள் வந்து ஒரே சிஸ்டத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். ஹேமாவுக்கு அம்மை கண்டதிலிருந்து செல்வி தனியாக வந்தாள். தினமும் வந்தாள். அதையும் நான் கவனித்தேன். ஆனால் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குச் செல்வி கவுண்டரில் வந்து நின்றாள்.

"சார், நாளைக்கு வர மாட்டேன். ஹேமாவப் பாக்கப் போறேன்."

"அம்மை போட்ட வீட்டுக்குள்ள விட மாட்டாகளேம்மா?"

"இங்க இல்ல சார். பரவையில அவுக சித்தி வீட்ல வச்சிருக்காக. அங்க சிஸ்டம் இருக்காம். தினம் சாட்ல வந்து பேசுறா. மார்க்கெட் ஸ்டாப்புல பதினோரு மணிக்கு எறங்கச் சொல்லியிருக்கா. சித்தப்பா வந்து கூட்டிட்டுப் போவாராம்."

"அம்மாவும் வாராகளா?"

"ஒருத்தர் மட்டும்தான் வரணுமாம் சார். கூட்டம் சேந்தா ஆத்தாவுக்கு ஆகாதுல்ல."

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. அம்மை வீட்டுக் கட்டுப்பாடு அப்படித்தான். அவள் நான்காம் கேபினுக்குள் போனாள். நான் ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தபோதுதான் ஒன்று இடித்தது. தினமும் காலையில் நான் வருகிற வழியில்தான் ஹேமாவின் வீடு. அன்று காலையும் அதன் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வாடாத இலை, அன்று ஒடித்துச் செருகியது. பிள்ளை பரவையில் இருந்தால் இந்த வீட்டில் யாருக்கு வேப்பிலை? அதுவுமில்லாமல், அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை பிள்ளையை நிலைப்படி தாண்ட விட மாட்டார்களே!

கேபினிலிருந்து கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. "வந்துட்டா சார்" என்று உள்ளிருந்து செல்வி சந்தோஷமாகச் சொன்னாள்.

3. வேப்பிலை வாசல்

"பேசிக்கிட்டே இரும்மா, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். நடந்தால் நான்கு நிமிடம். நான் மூன்று நிமிடத்தில் போனேன்.

தெருக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாசனை வாசல்வரை வந்தது. உள்ளே போகக் கூடாது என்பதால் தெருவிலேயே நின்று குரல் கொடுத்தேன். ஹேமாவின் அம்மா சரோஜா கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார். முகம் தெரியவில்லை.

"யாரு?"

"பிரவுசிங் சென்டர்லருந்து வாரேம்மா. பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"முத்து நெறைய சார். இமையில எல்லாம் போட்டிருக்கு. கண்ணே தொறக்க முடியல."

"பரவையில உங்க தங்கச்சி வீட்டுல இல்லையா?"

"பரவையா? எனக்குக் கூடப் பெறந்தவுகளே கெடையாது சார். எதுக்குக் கேக்குறீங்க?"

உள்ளிருந்து மெல்லிய குரலில் பிள்ளை ஏதோ கேட்டது. அவர்கள் வீட்டு மொழி, எனக்குப் புரியவில்லை. தாய் திரும்பி அதே மொழியில் பதில் சொன்னார். நோயில் கிடக்கிற பிள்ளையின் குரல் அது. அந்தப் பிள்ளை எட்டடி தூரத்தில் இருட்டில் படுத்திருக்கிறது. அதே நேரத்தில் அதன் பெயர் என் சென்டரில் மஞ்சளாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறது.

நான் விஞ்ஞானம் படித்தவன். கம்பி வழியாகக் குரல் எப்படிப் போகிறது என்று தெரிந்து அதிலேயே காலம் தள்ளியவன். ஆனாலும் அந்தப் பங்குனி வெயிலில் என் முதுகு சில்லிட்டது. "சும்மா விசாரிச்சேம்மா, அப்புறம் விவரமாச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

4. இழுபறி

நான்காம் கேபின் கதவைத் திறந்தபோது செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். திரையில் கடைசி வரி, ஆங்கில எழுத்தில் தமிழ்: 'பச்சைக் கலர் சுடிதார் போட்டு வா. அப்பத்தான் சித்தப்பாவுக்கு அடையாளம் தெரியும்.'

"இத அப்படியே விடும்மா. ஒண்ணும் டைப் பண்ணாத" என்றேன்.

நான் ஒன்றாம் கேபினில் உட்கார்ந்து ஹேமாவின் ஐ.டி.யைப் போட்டேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியுமே. பெயர், நான்கு எண்கள். திறந்தது.

ஒரு பெயரில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். இங்கே நான் நுழைந்ததும் அங்கே இருந்த ஆள் வெளியே தள்ளப்பட்டிருப்பான். சரியாக நாற்பது விநாடி. என் திரையில் ஒரு சிறிய பெட்டி: வேறொரு சிஸ்டத்தில் நீங்கள் நுழைந்திருப்பதால் இங்கே வெளியேற்றப்பட்டீர்கள். மறுபடி நுழைந்தேன். இந்த முறை இருபது விநாடிதான். மறுபடி தள்ளப்பட்டேன். இருட்டறையில் முகம் தெரியாத ஒருவனோடு ஒரே போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுப்பது போல இருந்தது. மூன்றாவது தடவை மெசஞ்சரை விட்டுவிட்டு மெயிலுக்குள் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். அவன் ஏன் இத்தனை நாளாக அதை மாற்றவில்லை என்றால், மாற்றினால் குணமாகி வருகிற ஹேமாவுக்குத் தெரிந்துவிடும். செல்விக்குப் பிறகும், வேறு பிள்ளைகளோடு பேச, இந்தப் பெயர் அவனுக்கு வேண்டியிருந்தது.

புதிய பாஸ்வேர்டோடு நுழைந்தேன். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். யாரும் என்னைத் தள்ளவில்லை. பிறகு பெயரே இல்லாமல் வெறும் எண்களாலான ஒரு ஐ.டி.யிலிருந்து ஹேமாவுக்கு ஒரு வரி வந்தது.

'பெருசு, நீயா?'

என்னைப் பெருசு என்று கூப்பிடுவது எங்கள் சென்டருக்கு வருகிறவர்கள் மட்டும்தான். அதுவும் என் முதுகுக்குப் பின்னால்.

5. சாமி கேட்டது

செல்வியை விட்டு அவள் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னேன். பஞ்சவர்ணம் கழுத்தில் டேப்போடு படியேறி வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், நீங்க படிச்சவுக. ஆனா அம்மை கண்ட பிள்ள கேட்டா அது ஆத்தா கேட்ட மாதிரி. இல்லைன்னு சொல்லக் கூடாது. புதன்கெழம போட்டோ கேட்டா, குடுத்தோம். நீங்கதான ஸ்கேன் பண்ணி அனுப்புனீக? இப்ப வந்து பாருன்னு கேக்குறா. தடுத்தா எங்க வீட்டுக்குத்தான் ஆகாது."

அந்தப் போட்டோவை ஸ்கேன் பண்ணியது நான்தான். பள்ளிக்கூட அடையாள அட்டைப் போட்டோ. கேள்வி கேட்காமல் அனுப்பி வைத்திருக்கிறேன். செல்விதான் முதல் நாள் சாட்டில், 'உனக்கு அம்மையாமே' என்று எழுதியிருக்கிறாள். அவனுக்கு அதுவரை அது தெரியாது. தெரிந்த பிறகு அவன் கேட்ட எதற்கும் செல்வி வீட்டில் மறுப்பு வரவில்லை. நம் ஊர் ஆள்தான். அம்மைக்கு நம் வீடுகளில் என்ன மரியாதை என்று தெரிந்த ஆள்.

இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. "சரிம்மா, நாலாம் கேபின்ல பிள்ளையோட உக்காருங்க. ஹேமா வாராளான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு நான் ஒன்றாம் கேபினுக்குப் போனேன். இடையில் இரண்டு கேபின்கள். ஹேமாவின் பெயரில் மறுபடி நுழைந்து எழுதினேன்: 'செல்வி, வந்துட்டேன்.'

அந்தப் பக்கம் கதவு தட்டுகிற சத்தம். "அம்மா, வந்துட்டா!" என்று செல்வி. பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பஞ்சவர்ணம் திரையைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார்.

அடுத்த வரியை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. 'நான் கவுண்டர்ல இருக்கிற பெரியவர். அம்மாவ எந்திரிச்சு ஒண்ணாம் கேபினப் பாக்கச் சொல்லு.'

செல்வி பாதி வாசித்து நிறுத்திவிட்டாள். பஞ்சவர்ணம் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். என் திரையில் ஹேமா என்ற பெயர். கீபோர்டில் என் கை. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, ஆத்தா இல்லையா?"

"இல்லம்மா. இப்ப எழுதுனது நானு."

"இம்புட்டு நாளா?"

"இம்புட்டு நாளா வேற எவனோ."

"எம்புள்ள போட்டோ?"

"அவங்கிட்ட இருக்கும்மா. அனுப்புனது நான்தான். தப்புதான்."

அவர் திரும்பி மகளை அடிக்கக் கை ஓங்கினார். "இனிமே இந்தப் பக்கம் வந்தா காலை ஒடிச்சிருவேன்! பள்ளிக்கூடமும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்!" நான் குறுக்கே நின்றேன். முதல் அடி என் முழங்கையில் விழுந்தது. தையல் மிஷின் மிதித்த உடம்பு, வலிமையான கை.

"ஏந்தாயி, அவ நம்ம ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டுத்தான போகப் பாத்தா? நீங்க சரின்னீக. நான் ஸ்கேன் பண்ணேன். அடிக்கிறதா இருந்தா மூணு பேருக்கும் பங்கு இருக்கு. இப்ப அடிச்சா அடுத்த தடவ சொல்ல மாட்டா. சொல்லாமப் போவா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதே கையால் மகளை இழுத்து வைத்துக்கொண்டு அழுதார்.

6. பரவை, பதினோரு மணி

மறுநாள் செல்வி வீட்டைவிட்டு வரவில்லை. அவன் உஷாராகியிருப்பான் என்று தெரிந்தும் நான் பரவைக்குப் போனேன். போய் என்ன செய்வது என்று எனக்கே தெரியாது. பத்து ஐம்பதுக்கு மார்க்கெட் ஸ்டாப்பில் இறங்கி ஒரு டீக்கடை ஓரமாக நின்றேன். நிறுத்தத்தில் இருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். பதினோரு மணி வரை பத்து நிமிடம் அவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இருபது பேர் தெரியாதவர்கள். மூன்று பேர் எங்கள் சென்டருக்கு வருகிறவர்கள்.

ஒருவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி, பையும் டையுமாக இருந்தார். இன்னொருவன் கல்லூரி மாணவன், நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆள் ஐம்பது வயதுக்காரர், தன் மகளின் பரீட்சை முடிவைப் பார்க்க என்னிடம் வந்து ஐ.டி. போட்டுக்கொண்டவர். மூவருக்கும் அங்கே நிற்க நல்ல காரணம் இருந்திருக்கும். சனிக்கிழமை, மார்க்கெட், யார் வேண்டுமானாலும் வரலாம். பதினோரு மணிக்குப் பழங்காநத்தம் பக்கத்திலிருந்து வந்த பஸ் நின்றது. மூன்று பேருமே இறங்குகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தால் யாரும் பார்ப்பார்கள்தான்.

ஐம்பது வயதுக்காரர்தான் என்னைக் கவனித்து அருகே வந்தார்.

"என்ன சார், இம்புட்டுத் தூரம்?"

"காய் வாங்கலாம்னு."

"பை கொண்டு வரலையா சார்?" என்றார். சிரித்த முகம். சாதாரணமாகக் கேட்டாரா, வேறு எதற்காவது கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதன் பிறகு அந்த மூவரும் சென்டருக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். வணக்கம் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் கேபினுக்குள் நுழையும்போது என் பேனா நின்றுவிடும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

7. மூன்று மாதம்

நூற்று முப்பத்தேழு பேரையும் தேடிப் பாஸ்வேர்டை மாற்ற வைக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. நூற்று இருபத்தொன்பது பேர் கிடைத்தார்கள். எட்டுப் பேர் வீடு மாறிவிட்டார்கள். அந்த எட்டுப் பெயர்களும் யார் கையில் எரிகின்றனவோ. கேபின் கதவுகளைக் கழற்றினேன். சிஸ்டங்களைத் திருப்பி, திரை கவுண்டரைப் பார்க்கும்படி வைத்தேன். வாடிக்கையாளர்கள் சிலர் முணுமுணுத்தார்கள், ஏழு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஹேமாவின் வீட்டுக்குள் போய், அவள் பெயரில் நானும் நுழைந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே கேட்டது, "நான் பேசுற மாதிரி வேற யாருகிட்டெல்லாம் சார் பேசியிருப்பான்?" அவளும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து தோழிகள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டார்கள். பதினொரு போன்.

பெற்றோர் யாராவது வந்து, பிள்ளை பார்க்காதபடி எந்த சைட்டை அடைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால், முதலில் அவர்களை நான்காம் கேபினில் உட்கார வைத்தேன். பிள்ளையின் சம்மதத்தோடு, பிள்ளையின் பெயரில் ஒன்றாம் கேபினிலிருந்து நான் பேசுவேன். முப்பத்தொரு பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன். பேங்க் அதிகாரி, வாத்தியார், கான்ஸ்டபிள் எல்லோரும் அதில் உண்டு. முதல் வரியில் சந்தேகப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. பெற்ற பிள்ளை பேசுவதாகவே நினைத்துச் சிரித்தார்கள். எழுந்து வந்து என் கையைப் பார்த்த பிறகு அவர்கள் சைட் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

செல்வி பதினாறு நாள் கழித்துத் திரும்ப வந்தாள், அம்மாவோடு. பஞ்சவர்ணம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் ஜாக்கெட்டை வைத்து ஹூக் தைத்தபடி மகளின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இது யாரு?"

"டியூசன் பிள்ளைம்மா."

"நேர்ல பாத்திருக்கியா?"

"ம்."

"இது?"

"அவ ஃப்ரெண்டுக்கு ஃப்ரெண்டு."

"நேர்ல?"

"இல்லம்மா."

"எடுத்துரு."

பத்தொன்பது பெயர்களில் பதினாறாவதில் இருந்தார்கள். அந்தப் பெயரின் முகம் மஞ்சளாயிற்று. கதவு தட்டுகிற சத்தம். செல்வியின் தோள் விறைப்பதைக் கவுண்டரிலிருந்தே பார்த்தேன். திரையில் ஒரு வரி: 'இத்தனை நாளா எங்க போன?'

"என்னடி கேக்குது?"

செல்வி வாசித்துக் காட்டினாள்.

"யாரு இது? தெரியுமா?"

"பொண்ணுன்னு சொல்லுச்சும்மா. பாத்ததில்ல."

பஞ்சவர்ணம் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். "நான் சொல்றத அப்படியே எழுது. எங்கம்மா பக்கத்துல உக்காந்திருக்கு. நீ யாரு, உங்க வீடு எங்க, உங்கம்மாவக் கூப்பிடு, எங்கம்மா பேசணும்ங்குது."

செல்வி எழுதினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அந்தப் பக்கம் யாரோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரையின் அடியில் ஒரு வரி தோன்றியது, நின்றது, மறுபடி தோன்றியது. நான்காவது நிமிடத்தில் மஞ்சள் முகம் சாம்பலாயிற்று.

"எடுத்துரு. அடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டுப் பஞ்சவர்ணம் ஊசியை உருவினார்.